ஜனாதிபதியின் நாயும் துரையின் நாயும் – ஒரு நோக்கு

ஆள்வோரின் வாழ்க்கையைப் பாடுதல் இலக்கியத்துக்குப் புதிதன்று. பரணியும் உலாவும் மெய்க்கீர்த்தியும் மன்னனின் போரையும் பவனியையும் கொடையையும் போற்றின. ஆயினும் அவை அவனது அடுப்படிக்குள் நுழையவில்லை. யானையும் குதிரையும்கூட அங்கே படையின் உறுப்புகளே. ஆள்பவனை வீட்டுக்குள் அமர்த்தி, மனைவி மக்களோடும் வளர்ப்புப் பிராணிகளோடும் காட்டும் நூல்வகை மக்களாட்சிக் காலத்தின் விளைபொருளாகும். வாக்குக் கேட்டு வருபவன் தன்னையும் வாக்களிப்போரில் ஒருவனாகக் காட்டவேண்டியவனாகின்றான். குழந்தையும் நாய்க்குட்டியும் அதற்கு வாய்த்த சாட்சிகள். இத்தகைய நூல்கள் மிகுதியாகத் தோன்றிய நாடு ஐக்கிய அமெரிக்கா. அவற்றை மலையகத்திலிருந்து வாசிப்போர்க்கு ஒரு வினா எழாமற் போகாது: அந்த நாய்க்குச் சோறு வைத்தவர் யார்?

இவ்வகையிற் சிறந்தவற்றுள் ஒன்று, தியோடர் ரூஸ்வெல்ட் தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுதி. அவர் மறைந்த 1919ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. நாய் ஜாக்கைப் பூனைக்குட்டி துரத்தியதும், கினிப் பன்றிகளின் சேட்டைகளும் அக்கடிதங்களில் உயிர்ப்போடு வருகின்றன. அவை எழுதப்பட்டபோது கண்முன் நின்றவர் வாக்காளர் அல்லர். தூரத்திலிருந்த ஒரு பிள்ளை. அதனாலேயே அவற்றின் அன்பு போலியாகத் தோன்றுவதில்லை. அதிகாரத்திலுள்ளவனும் தகப்பனாக இருக்கக்கூடும் என்பதை அந்நூல் பறைசாற்றாமலே உணர்த்துகின்றது.

பின்வந்த நூல்களில் இந்த இயல்பு மாறுகின்றது. பிராங்கிளின் ரூஸ்வெல்டின் நாயான ஃபாலாவைப் பற்றிய சிறுவர் நூல் 1942இல், போர்க்காலத்தில் வெளிவந்தது. ஈராண்டுகளின் பின், ஃபாலாவுக்காக அரச பணம் விரயமாக்கப்பட்டது என எதிரணியினர் குற்றஞ்சாட்டியபோது, தேர்தல் மேடையில் அவர் நாயின் மனம் புண்பட்டுவிட்டதாகக் கூறிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். நாய் அரசியற் கேடயமாயிற்று. 1990இல் பார்பரா புஷ் எழுதிய ‘மில்லியின் நூல்’ இப்போக்கின் உச்சம் எனலாம். நாயே தன் குடும்பத்தின் கதையைச் சொல்வதாக அமைந்த அந்நூலின் ஆண்டு வருமானம் ஜனாதிபதியின் சம்பளத்தையும் விஞ்சியது. அவ்வருமானம் எழுத்தறிவுப் பணிக்கு வழங்கப்பட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும் நூலின் உத்தி விமர்சனத்துக்குரியது. பஞ்சதந்திரத்திலும் விலங்குகள் பேசுகின்றன. அரசனின் அறியாமையையும் அமைச்சனின் சூழ்ச்சியையும் அவை அலசுகின்றன. மில்லியோ விருந்தினரை வரவேற்பதோடும் குட்டிகளைச் சீராட்டுவதோடும் நின்றுவிடுகின்றாள். நாய் வினா எழுப்பாது. வினா எழுப்பாத ஒன்றைக் கதைசொல்லியாக்குவது, வாசகனையும் வினா எழுப்பாமல் இருக்கப் பழக்குவதாகும்.

இதற்கு மாறாக, அம்மாளிகையில் உழைத்தவர்களே எழுதிய நூல்களும் உள. அவற்றுள் முதன்மையானது எலிசபெத் கெக்லியின் சுயசரிதை. அடிமையாகப் பிறந்து, 1855இல் 1,200 டொலர் செலுத்தித் தன்னையும் மகனையும் மீட்டுக்கொண்ட தையற்காரி அவர். லிங்கனின் மனைவிக்கு ஆடை தைத்தவர் என்ற வகையில் மாளிகையின் உள்வீட்டை அறிந்திருந்தார். 1868இல் வெளிவந்த அவரது நூலிலும் பிராணிகள் வருகின்றன. சன்னலருகே நின்று தம் ஆடுகளின் துள்ளலைக் கண்டு மகிழும் லிங்கனை அவர் காட்டுகின்றார். ஆனால் அங்கே, பார்ப்பவரின் கண்ணுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. 1862இல் லிங்கனின் மகன் வில்லி இறந்தபோது அச்சிறுவனின் உடலைக் கழுவி உடுத்த உதவியவர் கெக்லி. அவருடைய ஒரே மகன் அதற்கு முந்திய ஆண்டில் போர்க்களத்தில் மடிந்திருந்தான். ஜனாதிபதியின் மகனது மறைவை விரித்து எழுதும் அந்தத் தாய், தன் மகனின் மறைவைச் சில வரிகளிலே முடித்துக்கொள்கின்றார். மாளிகைக்கும் பணியாளுக்கும் இடைப்பட்ட தூரம் முழுவதும் அந்தச் சில வரிகளில் அடங்கியுள்ளது. மில்லியின் புகைப்படங்கள் அனைத்தும் சேர்ந்தாலும் அவற்றுக்கு ஈடாகா.

அந்நூலுக்குக் கிடைத்த கைம்மாறு கண்டனமே. வாடிக்கையாளர் விலகினர், 1907இல் கெக்லி ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இறந்தார். வீட்டுக்காரர் வீட்டைப் பற்றி எழுதினால் அது அன்பு. வேலைக்காரி எழுதினால் அது துரோகம் என்பதே அன்றைய தீர்ப்பு.

பிற்காலத்தில் இந்நிலை ஓரளவு தளர்ந்தது. தாயைப் போலவே தாமும் வெள்ளை மாளிகையிற் பணிபுரிந்த லில்லியன் பார்க்ஸ் 1961இலும், மின்பணியாளராகச் சேர்ந்து நாய்களின் பராமரிப்பாளராகவும் விளங்கிய டிராஃபஸ் பிரையன்ற் 1975இலும் தம் நினைவுகளை வெளியிட்டனர். இருவருக்கும் துணையெழுத்தாளர் ஒருவரே. சந்தைக்கேற்ற வம்புச்சுவை இவற்றில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்த கைக்கு ஒரு பெயரும் குரலும் கிடைத்தன. இலக்கிய நயத்திற் குறைந்தாலும், உண்மையின் முழுமையில் இவை மில்லியின் நூலினும் மேம்பட்டவை.

இவ்விடத்தில் மலையகத்தை நோக்குதல் பொருத்தமுடையது. தேசாதிபதிகள் தங்கிய நுவரெலியா இல்லம் பின்னாளில் ஜனாதிபதி மாளிகையாயிற்று. ஆனால் மலையக மக்கள் நாள்தோறும் கண்ட மாளிகை, குன்றின் உச்சியில் நின்ற துரையின் பங்களாவே. அந்தப் பங்களா வாழ்வுக்கு முன்னோடியான எழுத்து, தேயிலைக்கும் முற்பட்டது. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கொணர்ந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர், இலங்கை வாழ்வு பற்றி 1850களில் இரு நூல்கள் எழுதினார். இயற்கையைச் சித்திரிப்பதில் அவர் வல்லவர். கில்பக், ஸ்மட், புளூபியர்ட், லூசிபர் எனத் தம் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர்சுட்டி, அவற்றின் குணத்தையும் வீரத்தையும் உளங்கசிய எழுதுகின்றார். வேட்டையில் துப்பாக்கி சுமந்தோர் சிலரும் பெயர் பெறுகின்றனர். காட்டை வெட்டி நிலந்திருத்திய கைகளோ, பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற தொகைப் பெயருள் மறைந்துவிடுகின்றன. நாய் தனியன், மனிதர் கூட்டம். பின்னாளில் தோட்டத்துப் பதிவேட்டில் மனிதர் எண்ணாகக் குறிக்கப்பட்டதற்கும் இந்த நோக்குக்கும் உறவு உண்டு.

வெள்ளை மாளிகை நூல்களுக்கும் பேக்கரின் நூல்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜனாதிபதிக்குத் தன் மக்களின் வாக்குத் தேவை. ஆதலால் நாயைத் தூக்கிக்கொண்டு அவர்கள்முன் வந்தார். துரைக்குத் தொழிலாளியின் வாக்குத் தேவைப்படவில்லை. பேக்கர் எழுதியது இங்கிலாந்து வாசகனுக்கே. சுதந்திரத்தின் பின்னரும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் மலையக மக்களுட் பெரும்பான்மையோரை வாக்கற்றோராக்கின. எஞ்சிய நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. அதுவரை, சிரித்தும் நாயைத் தடவியும் வசப்படுத்தவேண்டிய வாசகராகக்கூட இம்மக்களை அதிகாரம் கருதவில்லை.

அதிகாரம் கருதாதவரை அவர்தம் இலக்கியம் கருதியது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தனி மனுஷியாக நிறுத்தியது. தெளிவத்தை ஜோசப் லயத்து வாழ்வின் நெருக்கடியைக் கதைகளாக்கினார். மலையும் லயமும் பிரட்டுக்களமும் இவ்வாறு எழுத்தில் இடம்பெற்ற அளவுக்குப் பங்களாவின் பின்கட்டு இடம்பெறவில்லை. குசினியில் நின்ற அப்பு, துரைசானியின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயா, குதிரைக்காரர், நாயை நடத்திச் சென்ற சிறுவன் ஆகியோர் இரு உலகங்களையும் அறிந்தவர்கள். லயத்தார்க்கு அவர்கள் பங்களாவின் ஆட்கள். பங்களாவுக்கு அவர்கள் லயத்தின் ஆட்கள். இந்த இரட்டை நிலையிலே பெரும் நாவலுக்குரிய முரண்பாடு உறைந்துள்ளது. கெக்லியின் தையலூசி போன்றதோர் எழுதுகோல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான்.

ஆகவே, இவ்வகை நூல்களை மதிப்பிடுவதற்கான உரைகல் ஒன்று உண்டு. பிராணிமீது காட்டப்படும் அன்பை எள்ளவேண்டியதில்லை. அன்பு எவரிடத்தும் அன்பே. ஆனால் அந்த அன்பை இயலச் செய்த உழைப்பு நூலில் முகங்காட்டுகின்றதா என்பதே வினா. முகங்காட்டின் அது வரலாறு; காட்டாவிடின் அது விளம்பரம்.

பங்களாக்களுட் சில இன்று உல்லாச விடுதிகளாகிவிட்டன; அவற்றின் பின்கட்டில் உழைத்தவர்களோ முதுமையுற்று வருகின்றனர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எஞ்சியிருக்கும் அவர்களின் நினைவுகளை, அவர்கள் பேசும் மொழியிலேயே கேட்டுப் பதியவேண்டிய கடமை, அவர்களின் பேரப்பிள்ளைகளாய்ப் பல்கலைக்கழகம் புகுந்திருக்கும் தலைமுறைக்கு உரியது. துரையின் நாய்க்கு நூலில் இடங்கிடைத்து நூற்றெழுபது ஆண்டுகளாகின்றன. அதற்குச் சோறு வைத்தவரின் பெயரை எழுத இனியும் தாமதித்தல் தகாது.