தேயிலையின் கீழ் உறங்குவோர்

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடுங்கவிதையை இரங்கற்பாவெனப் போற்றி அமைவார் பலர். எமக்கோ அஃது ஓர் உரிமை வழக்காகவே தோன்றுகின்றது.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவர் கவிஞர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனையும் நோக்கி, 'உன் தந்தை எங்கே பிறந்தான்?' என வினவிற்று. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். கடல் கடந்து வந்தவன் மகனுக்கு அவ்வினாவே வாயிலை அடைத்தது. கவிதையோ, தந்தை எங்கே மடிந்தான் என்று கேளாமற் கேட்கின்றது. தேயிலைச் செடிகளின் கீழ், நடுகல்லும் மலருமின்றி மண்ணோடு மண்ணாய்க் கிடப்போரை அது சுட்டிக் காட்டுகின்றது. அக்கவிதையின் உயிர்நிலை இதுவே.

குறையும் ஒன்றுண்டு. தொழிலாளர் அனைவரும் அங்கு ஒரே திரளாய் நிற்கின்றனர். முற்பணக் கடனாற் பிணித்த கங்காணியும், ஊரிலிருந்து லயத்துக்கு உடன்வந்த சாதியும் போதிய அழுத்தம் பெறவில்லை. ஒடுக்கியோர் யாவரும் அயலாரல்லரே!

'இந்தியத் தமிழர்' என வேறு பிரித்தெழுதியது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. அது பிற ஆட்சியாளர் இட்ட கோடு, உண்மைதான். ஆயின், 'தோட்டக்காட்டான்' என்னும் சொல்லை வெள்ளையன் படைக்கவில்லை. அது வடபுலத்து நம்மவர் நாவிலும் பயின்ற சொல். இக்கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் மாணவர்க்கு மறையாது உரைத்தல் வேண்டும்.

1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. கப்பலேறியோரின் தந்தையர் தேயிலையின் கீழேயே கிடந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. கவிஞர் 1984இலேயே மறைந்துவிட்டார்.