சப்ரகமுவ ஈரத்துக்கு எந்த ஆர்மோனியம் தாங்கும்?

இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எந்தப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் விசாரித்தாலும் ஆர்மோனியத்தைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: "ரீட்டு போயிருச்சு." பெட்டியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ரீட் நன்றாகவே இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் தோலும் மரமும் பசையுந்தான் கெட்டிருக்கும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த ஈரத்தை மனதில் வைத்துத்தான் இங்கே பெட்டி வாங்க வேண்டும்.

ரீட் என்பது பித்தளைச் சட்டத்தில் ஒரு முனை மட்டும் தறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. மவுத் ஓர்கனிலும் இதேதான். ஆனால் அங்கே எச்சிலும் மூச்சின் ஈரமும் நாக்கின் மேலேயே படும்; நாக்கும் சின்னது; சீக்கிரம் களைத்துவிடும். ஆர்மோனிய ரீட் பெரியது, துருத்திக் காற்று மட்டுமே அதைத் தொடும். குஜராத்தின் பாலிதானாவில் செய்த நல்ல ரீட் பல பத்தாண்டுகள் பேசும்.

வாங்குகிறவர்கள் கப்ளரும் (ஒரு கட்டையை அழுத்தினால் அதன் எட்டாவது சுரக் கட்டையையும் சேர்த்து இறக்கும் அமைப்பு) ஸ்கேல் சேஞ்சரும் உள்ள பெட்டியைத்தான் ஆசையோடு பார்க்கிறார்கள். பாடுகிறவருக்கு ஏற்றபடி கட்டை வரிசையையே நகர்த்திச் சுருதி மாற்றுவது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரும் பலகை மரம். வைகாசி மழை பிடித்தால் ஊதிப்போய் இறுகிவிடுகிறது. கப்ளரின் கம்பிகளோ துருப்பிடித்து, ஒரு கட்டையை அழுத்தினால் இன்னொன்றும் எழும்பாமல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்கும் மார்கழி பஜனைக்கும் சாதாரண இரட்டை ரீட் பெட்டியே போதும். அதைத்தான் நான் சொல்வேன்.

பழுதுகளில் முதலாவது, கட்டையை அழுத்தினால் வெறும் காற்று மட்டும் வருவது. துருத்தி இழுப்பது சன்னிதிக் காற்றைத்தானே. திருநீறும் சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் அதோடு உள்ளே போகின்றன. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். ஒரு துகள் சிக்கினால் நாக்கு ஊமை. கட்டைப் பலகையைக் கழற்றித் திருப்பி, மெல்லிய காகிதத் துண்டொன்றை நாக்கின் நுனிப் பக்கமாக அடியில் நுழைத்து மெல்ல இழுத்தால் துகள் வந்துவிடும். பிறகு உலர்ந்த பல்துலக்கியால் அடியிலிருந்து நுனி நோக்கித் தட்டிவிட வேண்டும். ஊசியால் நெம்பக்கூடாது, நாக்கு வளைந்தால், மெதுவாக ஊதும்போது பேசாது, அல்லது வேகமாக ஊதும்போது அடைத்துக்கொள்ளும். பித்தளை பொலிஷ், மண்ணெண்ணெய் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். எண்ணெய்ப் பசை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கை எடுத்த பிறகும் ஒரு சுரம் விடாமல் கத்தினால் குற்றம் ரீட்டில் இல்லை. கட்டையின் அடியிலுள்ள தோல் ஓட்டையைச் சரியாக மூடவில்லை. கரப்பான் அரித்திருக்கும், அல்லது பூஞ்சணம் பிடித்திருக்கும். பழைய தோலைச் சுரண்டி எடுத்து, அதே தடிப்பில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினால் சரி. பக்கத்துக் கட்டையோடு உரசி நிற்கிற கட்டையை மட்டும் மழைக்காலத்தில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். இப்போது இறுக்கமாக இருப்பது மாசி வெயிலில் தானாகவே சுருங்கும். தேய்த்துவிட்டால் அப்போது கட்டை ஆடும்.

சுருதி விலகல் வேறு கதை. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். செய்யலாம், ஆனால் எடுத்த பித்தளை திரும்பி வராது. சுரண்டுவதற்கு முன் தூசியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பல நேரம் அத்தோடு சுருதி நின்றுவிடும். துடைத்தும், ஒரே ரீட் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போனால் தறைந்த இடத்துக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், குறுக்கே மெல்லிய வெடிப்புத் தெரியும். அதை எந்தச் சுரண்டலும் காப்பாற்றாது. இரண்டு திருகைக் கழற்றி, பழைய ரீட்டையே கையில் கொண்டுபோய் அதே நீளத்தில், அதே சுரத்தில் வாங்கிப் பூட்ட வேண்டும்.

பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்கும் வழக்கம் பல கோயில்களில் இருக்கிறது. ஈரம் ஏறும் அந்த வழக்கத்தை விட்டு, அலுமாரிக்குள் பலகை மேல் வைத்து, 15 வாட் பழைய இழை பல்ப் ஒன்றை எட்டத் தள்ளி எரியவிட்டால் தோல் பூக்காது. எல்இடி பல்பில் அந்தச் சூடு இல்லை.

புதுப்பெட்டி வாங்கும்போது எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை நிரப்பிவிட்டுக் கையை எடுங்கள். துருத்தி உடனே சரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு ஒவ்வொரு கட்டையாக, முதலில் மெதுவாகவும் அடுத்து வேகமாகவும் ஊதிக் கேளுங்கள். கடைசியாக மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.