பாகப்பிரிவினை வழக்கில் தொலைந்துபோகும் கடை

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைவீதியில் சொந்தக் கட்டிடம், அதில் பாத்திரக்கடை. தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, அவருடைய சுயசம்பாத்தியத்தில் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் பெண்ணுக்குப் பங்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கானவை. அப்பா தானே சம்பாதித்ததில் மகளுக்குச் சமபங்கு 1956இலிருந்தே உண்டு.

தகராறு வந்தால் போகவேண்டிய இடம் சிவில் கோர்ட். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றம் கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறைத்தான் விசாரிக்கும். அண்ணன் தங்கை வழக்குக்கு அங்கே இடமில்லை.

பாகப்பிரிவினை வழக்கைக் குறை சொல்லுமுன் அதன் பலத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும். ‘இருபது வருஷமாக நான்தான் கடையில் இருக்கிறேன்’ என்பதால் மட்டும் அண்ணன் முழு உரிமையாளராகிவிட முடியாது. தங்கையின் உரிமையை மறுத்து வெளிப்படையாக ஒதுக்கிவைத்ததை அவர் நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பஞ்சாயத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த வழக்குக்கு மண்ணையும் சுவரையும் அளக்கத் தெரிந்த அளவுக்கு வியாபாரத்தை அளக்கத் தெரியவில்லை. பிராதின் சொத்து விவரத்தைப் புரட்டினால் சர்வே நம்பர், நான்கு எல்லை, சதுர அடி, கதவு எண் எல்லாம் இருக்கும். கடைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, கடைப் பெயருக்குள்ள மதிப்பு ஆகியவை ‘இதர அசையும் சொத்துகள்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும், அதுவும் வக்கீலுக்கு நினைவு வந்தால். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடும் டேப்போடும் வருகிறார். கடையின் நீள அகலத்தை அளக்கிறார், பிளான் வரைகிறார். பேரேட்டைப் புரட்டுவது அவருக்கு இட்ட வேலையில் இல்லை.

இதற்குள் வியாபாரம் கைமாறிவிட்டிருக்கும். தனி உரிமையாளர் இறந்துவிட்டால் அவர் பான் எண்ணில் இருந்த ஜிஎஸ்டி பதிவை வைத்துக்கொண்டு தொழிலைத் தொடர முடியாது; தொழிலை நடத்தும் வாரிசு தன் பெயரில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். கருமாதி முடிந்த கையோடு மகன் அதைச் செய்கிறார். அதில் தப்பில்லை, செய்யாவிட்டால் கடை மூடிக் கிடக்கும். சில மாதங்களில் பழைய சரக்கு விற்றுப்போகிறது, புதுச் சரக்கு மகன் பெயர் பில்லில் இறங்குகிறது. தங்கை வழக்குப் போடும் நாளில் ‘அப்பா கடை’ என்று காகிதத்தில் எதுவும் மிச்சமில்லை.

நீதிமன்றக் கட்டணமும் இதற்குத் துணைபோகிறது. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில், கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் பிரிவினை வழக்குக்குச் சிறிய, நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டதாகச் சொன்னால் பங்கின் சந்தை மதிப்புக்கேற்ற கட்டணம். அதனால் கல்லாப்பெட்டியைத் தொட்டே பார்க்காத பெண்ணும் ‘கூட்டு அனுபவத்தில் இருந்து வருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். பிறகு லாபக் கணக்குக் கேட்டால், அந்த வாசகத்தையே எதிர்வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து வைக்கிறார்.

அண்ணன் பக்கத்து நியாயமும் கொஞ்சமல்ல. அப்பா வைத்துப்போன மொத்த வியாபாரிக் கடனை அடைத்தவர், எவர்சில்வர் ஓடாதபோது மிக்ஸி கிரைண்டர் என்று மாற்றிக் கடையைக் காப்பாற்றியவர் அவர். நஷ்டம் வந்த வருஷத்தில் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. அவர் உழைப்பையும் அப்பா விட்டுப்போன முதலையும் பிரித்துப் பார்க்கும் சூத்திரம் வாரிசுரிமைச் சட்டத்தில் கிடையாது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது: கூட்டாளி இறந்தபின் அவர் கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர் முதலால் வந்த லாபப் பங்கையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசு கேட்கலாம். நியாயமான ஏற்பாடு, தனி உரிமையாளரின் பிள்ளைகளுக்குத்தான் அது இல்லை.

வாரிசுரிமைச் சட்டம் தொழிலைப் பற்றிப் பேசும் இடம் 22ஆவது பிரிவு. ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால் மற்றவர்களுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. விலை படியாவிட்டால் நீதிமன்றமே நிர்ணயிக்கும். ஆனால் விற்க முன்வந்தால்தான் அதற்கு உயிர். கடையில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு விற்கப்போகிறார்?

கால விரயத்தைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் விழித்துக்கொண்டிருக்கிறது. முதல்நிலைத் தீர்ப்பாணை தந்துவிட்டுத் தனி மனுவுக்காகக் காத்திருக்காமல், கீழமை நீதிமன்றமே இறுதித் தீர்ப்பாணைக்கான வேலையைத் தொடர வேண்டும் என்று 2022இல் சொன்னது. நல்லதுதான். ஆனாலும் அதில் வேகம் பிடிப்பது டேப் வேலைதான்.

கணக்கைப் பரிசீலிக்கக் கமிஷனர் நியமிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆவது ஆணை, 11ஆவது விதி வழி வைத்திருக்கிறது. அப்பா இறந்த தேதியில் இருந்த சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் ஆகியவற்றைப் பட்டியலிடச் சொல்லி, வழக்குப் போடும்போதே மனுச் செய்யலாம். கட்டிட வழக்காகவே எழுதிப் பழகிய வக்கீல்கள் அதைக் கையில் எடுப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டம் கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதங்கள்தான் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு ‘பழைய கணக்கு இல்லை’ என்று அண்ணன் சொன்னால், அதுவே பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.