கட்டம் யாருக்குச் சொந்தம்?

2014 ஆகஸ்டில் மார்வெல் நிறுவனம் ‘ஸ்பைடர்-வுமன்’ முதல் இதழுக்கு ஒரு மாற்று அட்டைப்படத்தை அறிவித்தது. வரைந்தவர் மிலோ மனாரா. காமச் சித்திரக்கதைகளில் பெரும்புகழ் பெற்ற இத்தாலிய ஓவியர். கட்டட உச்சிக்கு ஏறிவந்து, கைகளை ஊன்றித் தவழ்கிறாள் நாயகி ஜெசிகா ட்ரூ. இடுப்பு உயர்ந்திருக்கிறது. உடை என்று சொல்லப்படுவதில் ஒரு மடிப்புகூட இல்லை; உடம்பின்மேல் சாயம் பூசியது போலிருக்கிறது. எதற்காக ஏறுகிறாள், யாரைத் துரத்துகிறாள் என்பதற்கு அந்த உடல்நிலையில் ஒரு தடயமும் இல்லை.

கண்டனம் எழுந்ததும் ரசிகர்கள் சிலர் சொன்ன பதில், ஸ்பைடர்-மேனும் இப்படித்தான் குந்துகிறான், ஆண்களின் உடலும் மிகையாகத்தானே வரையப்படுகிறது என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சூப்பர்ஹீரோ ஓவியமே மிகையின் கலை. ஆனால் மிகை எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பைடர்-மேன் குந்தினால் அடுத்த கணம் பாயப்போகிறான் என்று கண் உணர்கிறது. சூப்பர்மேனின் அகன்ற தோள் அவன் எதைத் தூக்குவான் என்று சொல்கிறது. மனாராவின் ஜெசிகா அடுத்து எதுவும் செய்யப்போவதில்லை. பார்க்கப்படுவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது.

இதைத் துணியின் அளவு பற்றிய வழக்காகச் சுருக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. 1941இல் வொண்டர் வுமனைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். அன்போடு அடிபணிதல் என்பதைத் தத்துவமாகவே நம்பியவர். அவர் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் சங்கிலியும் கயிறும் வருகின்றன. விசித்திரம்தான், ஆனாலும் அந்த வேட்கை கதையின் கருத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டுண்டவள் கட்டை அறுக்கிறாள். தணிக்கையும் தீர்வாகவில்லை. 1954இல் வந்த காமிக்ஸ் நெறிமுறை, பெண்களின் உடற்கூறுகளை மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும் என்றது. அதே நெறிமுறைதான் காவலர், நீதிபதிகள் மீது மரியாதைக் குறைவு வரும்படி எழுதக்கூடாது என்றும் தடுத்தது. அந்த வழியில் மீண்டும் போக நான் விரும்பவில்லை.

ஓவியர்களின் மனத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மை விட்டுப்போகும். ஒரு காலத்தில் பத்திரிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் காமிக்ஸ் விற்றது, பெண்களும் வாங்கினார்கள். அவர்களை நம்பி 1947இல் தொடங்கிய ‘யங் ரொமான்ஸ்’ என்ற காதல் காமிக்ஸ் 1975இல் நின்றது. அதற்குள் தனி காமிக்ஸ் கடைகள் முளைத்துவிட்டன. விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது அங்கே விதி. கடைக்காரர் துணிந்து புது வாசகியைத் தேடுவாரா? ஏற்கெனவே வரும் ஆண் வாடிக்கையாளர் நிச்சயம் வாங்குவதைத்தான் வரவழைத்தார். பெண்கள் படிப்பதில்லை என்பதால் ஆண்களுக்காக வரைந்தார்கள். ஆண்களுக்காகவே வரைந்ததால் பெண்கள் மேலும் விலகினார்கள்.

2011இல் டிசி நிறுவனம் தன் சூப்பர்ஹீரோ இதழ்கள் அத்தனையையும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியபோது இந்தப் பழக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. தொலைக்காட்சித் தொடரில் சிறுவர்கள் நேசித்த ஸ்டார்ஃபயர், நீச்சலுடையில் நின்று, உறவையும் நினைவையும் பொருட்படுத்தாமல் உடலைத் தரச் சம்மதிப்பவளாக வந்தாள். ‘கேட்வுமன்’ முதல் இதழில் நாயகியின் முகத்துக்கு முன்பே உடலின் துண்டுகள் வந்துவிடுகின்றன. முகம் இல்லாத ஒருத்தியின் கதையை யார் பின்தொடர்வது? என்னை அதிகம் வருத்துவது இங்கே நேரும் கதை இழப்புதான்.

பவர் கேர்ளை எடுத்துக்கொள்ளலாம். 1976இல் அறிமுகமானவள், மார்பில் திறந்த வட்டம் கொண்ட உடையால் பெயர்பெற்றவள். 2005இல் அந்தத் திறப்புக்கு ஒரு காரணம் கற்பிக்கப்பட்டது: தனக்கென ஓர் அடையாளச் சின்னம் கிடைக்கும் என்று காத்திருந்தாளாம், கிடைக்கவில்லையாம். ஓவியப் பழக்கம் முதலில், காரணம் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து. ஆனால் அதே கதையை வரைந்த அமாண்டா கானர், 2009இல் தொடங்கிய தனித் தொடரிலும் அதே உடையைத்தான் வரைந்தார். அங்கே பவர் கேர்ள் சலித்துக்கொள்கிறாள், உதட்டைச் சுழிக்கிறாள், பூனையோடு மல்லுக்கட்டுகிறாள். நம் கண் அவள் முகத்துக்குப் போகிறது. உடை மாறவில்லை, கட்டம் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. ஓவியரின் திறனை அளக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

மனாரா சர்ச்சைக்குப் பின் ஜெசிகா ட்ரூவுக்கு என்ன ஆயிற்று? 2015இல் ஓவியர் கிறிஸ் அங்கா வடிவமைத்த, தோல் மேற்சட்டையும் கால்சராயும் கொண்ட புதிய உடையில் அவள் வந்தாள். அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய தொடரில் ஹாவியர் ரொட்ரிகேஸ் அவளை நிறைமாதக் கர்ப்பிணியாக வரைந்தார். வேற்றுக்கிரக மகப்பேறு மருத்துவமனை ஒன்றை ஸ்க்ரல்கள் என்னும் வேற்றுக்கிரக இனத்தார் முற்றுகையிட, பெருத்த வயிற்றோடு அங்கிருக்கும் தாய்மாரைக் காக்க அவள் களமிறங்குகிறாள். மூச்சிரைக்கிறது, நடை கனக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் அவள் எதையோ செய்துகொண்டிருக்கிறாள். ஸ்பைடர்-வுமனை இதுவரை படிக்காதவர்கள் அந்தத் தொடரிலிருந்து தொடங்குங்கள்.