ஒரே லாக் வரி, ரெண்டு தடவை: பைத்தானின் மௌனம் பற்றி

பைத்தானில் லாக் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த காட்சி: "பில் 501 சேமிக்கப்பட்டது" என்ற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவை வந்திருக்கும். ஃபங்ஷனே ரெண்டு தடவை ஓடிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் ஓடியது ஒரு தடவைதான், எழுதியவர்கள்தான் ரெண்டு பேர்.

லாகர்கள் பெயரில் இருக்கும் புள்ளியை வைத்து ஒரு குடும்பமாக அமைகின்றன. 'கடை.பில்' லாகருக்கு 'கடை' அப்பா, அதற்கும் மேலே ரூட். கீழே பிறக்கும் செய்தி மேலே ஏறிப் போகும். வழியில் இருக்கும் ஹேண்ட்லர்கள் எல்லாம் அதை எழுதும். இதுதான் ப்ராப்பகேட், சொல்லாமலே ட்ரூ. 2003-ல் வந்த 2.3 பதிப்பில் லாகிங் மாட்யூல் சேர்ந்தது. அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று ஜாவாவின் லாக்4ஜே. அங்கே இதே குணத்துக்கு அடிட்டிவிட்டி என்று பெயர். இந்த வடிவமைப்பில் எனக்குக் குறையில்லை. ஒரே இடத்தில் ஹேண்ட்லர் வைத்து எல்லாவற்றையும் பிடிக்கலாம், நல்ல வசதி.

குறை ரெண்டு இருக்கிறது. ஒன்று, மேலே ஏறும் செய்தியை அப்பா லாகரின் லெவல் தடுப்பதில்லை. ரூட்டை எரர் என்று வைத்திருந்தாலும், 'கடை.பில்' இன்ஃபோவில் இருந்தால் அந்த இன்ஃபோ செய்தி ரூட்டின் ஹேண்ட்லருக்குப் போய்ச் சேரும். அங்கே பார்க்கப்படுவது ஹேண்ட்லரின் லெவல் மட்டும்தான். ரூட் லெவலை ஏற்றிவிட்டால் இரட்டிப்பு நின்றுவிடும்னு நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ரெண்டாவது இன்னும் மோசம். ரூட்டில் ஹேண்ட்லர் எதுவும் இல்லாதபோது யாராவது லாகர் வாங்காமல் நேராக லாகிங்.இன்ஃபோ என்று அழைத்தால், மாட்யூல் சத்தமில்லாமல் பேசிக்கான்ஃபிக்கை ஓட்டி ரூட்டில் ஒரு ஹேண்ட்லரை மாட்டிவிடும். ஏற்கெனவே சொந்த ஹேண்ட்லர் வைத்திருந்த லாகர்கள் அந்த நொடியிலிருந்து இரட்டிப்பாகப் பேசும். நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சே என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

பலரும் சொல்லும் மருந்து, ப்ராப்பகேட்டை ஃபால்ஸ் ஆக்குவது. வரி ஒன்றாகிவிடும், உண்மைதான். ஆனால் நாளை நீங்கள் ரூட்டில் மாட்டும் ஃபைல் ஹேண்ட்லருக்கு அந்த லாகரின் எரர்கூடப் போகாது. பைடெஸ்ட்டின் கேப்லாக் ரூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் ஒன்றும் தெரியாது. இரட்டை வரியால் லாக்கை வைத்துப் போடும் கணக்கு தப்பும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். வராத எரரை எங்கே போய்த் தேடுவது?

சரியான வழி எளிது. ஹேண்ட்லர் மாட்டுவது அப்ளிகேஷனின் வேலை, தொடக்கத்தில் ஒரே இடத்தில். லைப்ரரி தன் பெயரில் லாகர் வாங்கட்டும், வேண்டுமானால் நல்ஹேண்ட்லர் மட்டும் சேர்க்கட்டும். பைத்தானின் ஆவணமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் ஆவணம் சொல்வதை மாட்யூல் சொல்வதில்லை. ஒரே செய்தி ஒரே ஸ்டெர்எரருக்கு ரெண்டு ஹேண்ட்லர் வழியாகப் போகும்போது ஒரு வார்னிங் கொடுத்திருக்கலாம். அது வரும்வரை, ப்ராப்பகேட்டைத் தொடுவதற்கு முன் லாகரிலிருந்து ரூட் வரை ஒவ்வொன்றின் ஹேண்ட்லர்களையும் பிரிண்ட் பண்ணிப் பாருங்கள். அந்த ரெண்டாவது ஆள் அங்கேதான் இருப்பார்.