கேட்ட செவியும் அளந்த கோலும்: ஆஸ்திரேலிய ஈடுசெய் திட்டம் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

சிறுவயதில் இழைக்கப்பட்ட கொடுமை உடலை விட்டு நீங்கினாலும் உள்ளத்தை விட்டு எளிதில் நீங்குவதில்லை என்பதை ஆயர் பணியில் சில ஆண்டுகளேனும் கழித்தவர் அறிவர். அத்தகைய உளக்காயத்தை ஓர் அரசு தன் சட்டத்தாலும் கருவூலத்தாலும் ஆற்ற முற்படின், அது எந்த அளவுக்கு இயலும்? இக்கேள்விக்கு விடைகாண நமக்குக் கிடைக்கும் விரிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஆஸ்திரேலிய நாட்டினுடையது. அந்நாட்டரசு முதலில் ஓர் ஆணையத்தை அமைத்து, துன்புற்றோருக்குச் செவிகொடுத்தது. பின்னர் ஒரு திட்டத்தை வகுத்து, அவர்களுடைய துன்பத்தை அளந்தது. கேட்டதற்கும் அளந்ததற்கும் இடையே நேர்ந்த இழப்பு யாது, அதில் திருச்சபையின் பொறுப்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பின்னணி

இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 5 இலட்சம் குழந்தைகள் ஆஸ்திரேலியாவில் அநாதை இல்லங்களிலும் பிற காப்பகங்களிலும் வளர்ந்தனர். பிரிட்டனிலிருந்தும் மால்ட்டாவிலிருந்தும் கப்பலேற்றி அனுப்பப்பட்ட சிறுவரும் அவர்களுள் அடங்குவர். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளிடம் 2008 பிப்ரவரி 13 அன்றும், காப்பகங்களில் வதைபட்டோரிடம் 2009 நவம்பர் 16 அன்றும் பிரதமர் கெவின் ரட் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். ஆயினும், நிறுவனங்களுக்குள் குழந்தைகள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறை முழுமையாக விசாரிக்கப்படாமலே இருந்தது. 2012 நவம்பர் 12 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்டு இதற்கென ஒரு ராயல் கமிஷனை அறிவித்தார். நீதிபதி பீட்டர் மக்லெல்லன் தலைமையில் ஐந்தாண்டுகள் உழைத்த அவ்வாணையம், 2017 டிசம்பர் 15 அன்று 17 தொகுதிகளாலான அறிக்கையை அளித்தது. அதன் பரிந்துரைகள் மொத்தம் 409.

2. செவிகொடுத்த ஆணையம்

ஆணையம் 57 பொது விசாரணைகளை நடத்தியது. ஆங்கிலிக்கன் சபை, இரட்சணிய சேனை, ஐக்கிய சபை ஆகியவையும் அவ்விசாரணைகளில் விடைகூற வேண்டியிருந்தது. எனவே இது கத்தோலிக்கரின் சிக்கல் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஆனால் ஆணையத்தின் தனிச்சிறப்பு பொது விசாரணைகளில் அன்று, தனியமர்வுகளிலேயே விளங்கிற்று. இதற்கென 2013இல் சட்டமே திருத்தப்பட்டது. துன்புற்றவர் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியதில்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. சொன்னது மெய்யா பொய்யா என்னும் தீர்ப்பும் இல்லை. ஆணையர் எதிரே அமர்ந்து கேட்டார், அவ்வளவே. இவ்வாறு 8,000க்கும் மேற்பட்டோர் தம் வரலாற்றைக் கூறினர். ஆணையர்கள் சிறைச்சாலைகளுக்குள்ளும் சென்று கைதிகளின் துயரத்தைக் கேட்டனர். தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக வெளியிட இவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆயின என்று அறிக்கை கூறுகிறது. பத்து வயதில் அடைத்த வாய் முப்பத்துநான்கு வயதில் திறந்தது என்பதே இதன் பொருள். அந்த ஆண்டுகளில் எத்தனை ஆராதனைகள், எத்தனை அருளுரைகள், எத்தனை வீடு சந்திப்புகள் நடந்திருக்கும்! அவற்றுள் எதுவும் அவ்வாயைத் திறக்கவில்லை. அறிக்கைக்கென ஆராயப்பட்ட 6,875 பேரில் 4,029 பேர் சமய நிறுவனங்களில் துன்புற்றதாகக் கூறினர் என்பதை அறியும்போது, அம்மௌனத்தின் காரணமும் ஓரளவு விளங்குகிறது.

3. அளந்த திட்டம்

ஆணையத்தின் பரிந்துரையைப் பின்பற்றி 2018 ஜூலை 1 முதல் தேசிய ஈடுசெய் திட்டம் நடைமுறைக்கு வந்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அரசு வழங்குவதை நாம் நிவாரணம் என்கிறோம். இது நிவாரணம் அன்று. தீங்குக்குப் பொறுப்பான நிறுவனமே செலவை ஏற்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. ஒரு தொகை, மனநல ஆலோசனை, நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் அளிக்கும் மறுமொழி என அது மூன்று கூறுகளைக் கொண்டது.

தொகையை நிர்ணயித்த முறையிலேயே குறை காண்கிறோம். ஆணையம் 2 இலட்சம் டாலரை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. அரசு ஒன்றரை இலட்சம் என வகுத்தது. இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. நூறு புள்ளிகளில் வன்முறையின் கடுமைக்கு 40, அதனால் வாழ்வில் விளைந்த பாதிப்புக்கு 40, பிற சூழ்நிலைகளுக்கு 20 என ஆணையம் பகுத்திருந்தது. திட்டமோ, இழைக்கப்பட்ட செயலின் வகையைக் கொண்டே தொகையை வரையறுத்தது. உடலுக்குள் ஊடுருவிய வன்முறைக்கு 1,50,000 டாலர், உடலைத் தொட்ட வன்முறைக்கு 50,000, தொடாமல் இழைத்த வன்முறைக்கு 20,000 என உச்சவரம்புகள் அமைந்தன. முதல் வகையிலும் வாழ்வில் விளைந்த பாதிப்புக்கென ஒதுக்கப்பட்டது 20,000 மட்டுமே. ஐந்தில் இரண்டு பங்காக இருக்க வேண்டியது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாயிற்று.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பாதிப்பை அளக்க வேண்டுமெனில் அதை நிரூபிக்குமாறு துன்புற்றவரைக் கேட்க நேரிடும். அவ்வாறு கேட்பதே புதிய காயமாகலாம். செயலைக் கொண்டு அளந்தால் விரைவும் ஒழுங்கும் கிட்டும். இதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், விடுதி அறையில் ஆண்டுக்கணக்கில் ஒவ்வோர் இரவும் அஞ்சிக் கிடந்த சிறுவனின் துன்பம், செயலின் வகை வேறாயிற்று என்பதால் சிறியதாகிவிடுமா? மனிதன் அடைந்த இழப்பை விட்டு, குற்றவாளி செய்த செயலையே இவ்வளவுகோல் முதன்மையாக நோக்குகிறது. அது குற்றவியல் நீதிமன்றத்தின் பார்வை. காயத்தை ஆற்ற வந்த திட்டத்தின் பார்வை அன்று. மேலும், ஆணையம் சிறைக்குள் சென்று கேட்டதாயிருக்க, தொடக்கத்தில் சிறையிலிருப்போர் விசேஷ காரணமின்றி விண்ணப்பிக்க இயலாதபடி திட்டம் கதவடைத்தது. சிறுவயதுக் காயத்துக்கும் பிற்காலச் சிறைக்கும் உள்ள தொடர்பை ஆணையமே கேட்டறிந்திருந்தது. இவ்விதி 2024இல் தளர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது.

4. தாமாரும் தாவீது அரசனும்

2 சாமுவேல் 13ஆம் அதிகாரம் இங்கே நம் நினைவுக்கு வருகிறது. தாமார் அரசனின் வீட்டுக்குள்ளேயே வதைக்கப்பட்டாள். அவள் மௌனமாயிருக்கவில்லை, தலையில் சாம்பலிட்டு, பலவர்ண ஆடையைக் கிழித்து, அழுதுகொண்டே தெருவில் நடந்தாள். அவளை அடக்கி மௌனமாயிருக்கச் சொன்னவன் அவளுக்காகப் பரிந்த சகோதரனே. அரசன் கேள்விப்பட்டான், சினந்தான். ஆனால் மகளை அழைத்து அவள் சொல்லைக் கேட்டதாகத் திருமறையில் ஒரு குறிப்பும் இல்லை. ஈராண்டுகளுக்குப்பின் அப்சலோம் கொலையால் கணக்குத் தீர்த்தான். அக்கணக்கில் தாமாருக்கு யாதும் கிட்டவில்லை. அவள் சகோதரன் வீட்டில் தனித்தே இருந்தாள்.

தாவீது செய்யத் தவறியதை ஆஸ்திரேலிய அரசு செய்தது என்பதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அது தாமாரை அழைத்துக் கேட்டது. ஆனால் கேட்டபின் அவளிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டியது. அரசு என்னும் அமைப்பின் எல்லை இதுவே. அது வகைப்படுத்தாமல் வழங்க இயலாது. வகைப்படுத்தும்போது ஆள் மறைந்து எண் எஞ்சுகிறது.

5. திருச்சபையின் பொறுப்பு

அவ்வெல்லையை உணர்ந்துதான் திட்டம் மூன்றாம் கூறாகிய நேரடி மறுமொழியை நிறுவனங்களிடமே விட்டது. துன்புற்றவர் விரும்பினால் சபையின் பொறுப்பாளர் அவர்முன் அமர்ந்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவிக்க வேண்டும். அரசால் இயலாததைச் சபை செய்யும் என்னும் நம்பிக்கை இதில் உள்ளது. ஆனால் எந்த வீட்டில் அடிபட்டாரோ அவ்வீட்டு வாசலுக்கே மீண்டும் வர யாருக்குத் துணிவு வரும்? இத்திட்டத்தில் உடனே சேராமல் காலந்தாழ்த்திய நிறுவனங்களும் உண்டு. 2020 ஜூலையில் அரசு அவற்றின் பெயர்களைப் பகிரங்கப்படுத்த வேண்டியதாயிற்று. சகேயு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னது எவரும் ஆணையிட்டதால் அன்று. இயேசு பெருமான் அவன் வீட்டுக்கு வந்ததால். சட்டம் நெருக்கியபின் தரும் ஈடு கடன் தீர்ப்பதாகலாம்; மனந்திரும்புதலாகாது.

நம் நாட்டிலும் இது தொலைதூரச் செய்தியன்று. கில்லார்டின் அறிவிப்புக்கு இரண்டு நாள்களுக்குப்பின், 2012 நவம்பர் 14 அன்று, நம் நாட்டில் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. ஆயருக்கு அதில் விலக்கு இல்லை. இச்சட்டத்தை நம் இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கிறோமா? நம் விடுதிகளிலும் ஓய்வுநாள் பள்ளிகளிலும் ஒரு குழந்தை அச்சமின்றிப் பேசுவதற்கு ஓர் ஆளேனும் உண்டா? பேசினால், சபையின் நற்பெயரை எண்ணி அப்சலோமைப் போல் அதன் வாயை அடைப்போமா, அதன் எதிரே அமர்ந்து கேட்போமா? காயத்துக்கு ஈடு வகுப்பது அரசின் கடமை. அந்தக் குழந்தை இருபத்துநான்கு ஆண்டுகள் காத்திராதபடி செய்வது நம் கடமை.