சூப்பானும் டின்பாலும்

மலாக்காவில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள், 'பல் வரிசைக்கு ஏற்றது' என்று அட்டையில் அச்சிட்ட சூப்பானைத் தேடி வாங்கிப் போவது இப்போது வழக்கமாகி வருகிறது. நுனி தட்டையான அந்த வடிவம் ஜெர்மனியில் 1949இலேயே வந்துவிட்டது. சூப்பானே ஆகாது என்பது என் வாதமல்ல. தூக்கத்தில் நேரும் திடீர் மரண ஆபத்தைக் குறைக்க, தூங்கும் வேளையில் அதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005இல் பரிந்துரைத்தது. மூன்று வயதைத் தாண்டியும் சப்பினால் மேல், கீழ் முன்பற்கள் சேராமல் நடுவில் இடைவெளி விழும். அதற்குள் நிறுத்தினால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். விரல் சூப்பும் பழக்கத்தைவிட இதை நிறுத்துவதும் எளிது. இவ்வளவும் ஒப்புக்கொள்ள வேண்டியவையே. வடிவத்தைப் பற்றிய பேச்சு இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் நீள்வதால்தான், அந்தக் காம்பில் எதைத் தடவி வாயில் வைக்கிறோம் என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவதே இல்லை.

மலாய்க்காரர்கள் சூப்பானைப் 'புத்திங் கோசோங்' என்பார்கள். வெற்றுக் காம்பு என்று பொருள். நம்மவர் கையில் அது வெற்றுக் காம்பாக இருப்பதில்லை. டின்பாலில் ஒரு முக்கு, இல்லையென்றால் தேனில் ஒரு முக்கு, அதுவும் இல்லையென்றால் ஈரக் காம்பைச் சீனியில் ஒரு புரட்டு. இந்தப் பழக்கத்தின் பின்னால் தோட்டத்து வாழ்க்கை இருக்கிறது. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு அசஹானிலும் ஜாசினிலும் பால்மரம் பரவியது. விடியுமுன் பால் வெட்டப் போன தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாள். பத்துப் பிள்ளைகளை ஒருத்தி பார்த்துக்கொண்ட இடத்தில் அழுகையை அடக்க இனிப்புதான் கைக்கு எட்டியது. கட்டிப்பாலைக் குழந்தைக்கு ஊட்டுவதைக் கண்டித்து மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தாய்மார்கள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் டின் மட்டும் அடுப்படியிலேயே இருக்கிறது. இன்று பல டின்களில் பால் என்ற சொல்கூட இல்லை. 'கிரீமர்' என்றுதான் இருக்கிறது. உள்ளே ஏறக்குறைய பாதி சீனி.

இது செய்யும் வேலையைக் கவனியுங்கள். சோற்றோடு தின்ற இனிப்பை எச்சில் கழுவிவிடும். தூங்கும் குழந்தைக்கோ எச்சில் சுரப்பு குறைந்துவிடும். இனிப்புக் காம்பு மேல் முன்பற்களின் மேலேயே தங்கிக் கிடக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும். அதனால்தான் மேலே நான்கு பற்களும் அரித்துப்போன குழந்தைக்குக் கீழ்வரிசை முழுசாக இருக்கும். தொடக்கத்தில் ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பிறகு அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் வேர் மட்டும் கறுத்து நிற்கும். பால்பல்லின் எனாமல் மெல்லியது. அரிப்பு தொடங்கினால் மாதக்கணக்கிலேயே உள்ளே இறங்கிவிடும். வாயில் இருப்பது தட்டைக் காம்பா உருண்டைக் காம்பா என்று சீனி பார்ப்பதில்லை.

'பால்பல்தானே, விழத்தானே போகிறது' என்பார்கள். முன்பல் விழ ஆறு, ஏழு வயதாகும்; கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். அத்தனை வருடம் வலியோடு மெல்ல வேண்டியவள் அந்தக் குழந்தை. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைத்துத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம் என்பார்கள். சேனை ஒருமுறை வைப்பது, அதுவும் பல்லே முளைக்காத வாயில். தினமும் மூன்று வேளை, இரண்டு வருடம் தடவுவதற்கு அது எப்படிச் சாட்சியாகும்? ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம் என்பதால், அந்த வயதில் தேனே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். குழாய்த் தண்ணீரில்தான் ஃபுளோரைடு கலக்கிறார்களே என்பது இன்னொரு சமாதானம். 1972 முதல் கலக்கிறார்கள், பலனும் உண்டு. ஆனாலும் 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப்பல் இருந்தது. அத்தனைக்கும் சூப்பான் காரணமல்ல. ஆனால் இனிப்பு காரணம். அந்த இனிப்பை முதலில் பழக்கிவிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் கைதான்.

ஷிப்டு முடிந்து வரும் தாய்மீது பழி போடுவது எளிது. அது நியாயமும் அல்ல. பாட்டிமார்களையும் பிள்ளை பார்க்கும் அக்காமார்களையும்தான் நான் கேட்கிறேன். அழுகை அடங்கினால் போதும் என்று தடவுகிறீர்கள். பல் அரித்த பிறகு ராத்திரி வலியில் அழும் அதே பிள்ளைக்கு எதைத் தடவுவீர்கள்? இதைப் பாசம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. சூப்பான் கொடுப்பதென்றால் கழுவி வெறுமையாகக் கொடுங்கள். இன்று குளிப்பாட்டும்போது குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு உடனே தூக்கிப் போங்கள். பழுப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம்.